மருந்து அடித்த வயலில்தான் புகையான் வருமா?

கேள்வி: சம்பா நட்டு 25ஆம் நாள் இலைச்சுருட்டுப் புழுவுக்கு மருந்து அடித்தேன். புழு போனது. மூன்று வாரத்தில் புகையான் வந்து பயிர் வட்ட வட்டமாகக் காய்கிறது. மருந்தே அடிக்காத பக்கத்து வயல் பச்சையாக நிற்கிறது. கடையில் போலி மருந்து கொடுத்துவிட்டார்களா?

பதில்: மருந்து நன்றாகவே வேலை செய்திருக்கிறது. சிக்கலே அதில்தான். புழுவோடு சேர்த்து உங்கள் வயலின் காவல்காரர்களையும் கொன்றிருக்கிறது.

புகையான் என்பது நெல் தண்டில் சாறு உறிஞ்சும் தத்துப்பூச்சி. அது முட்டையை இலையுறைக்குள் செருகி வைக்கும். தெளிக்கிற மருந்து அங்கே சரியாகப் போய்ச் சேராது. ஆனால் அந்த முட்டையைத் தேடிப்பிடித்து உறிஞ்சும் மிரிட் நாவாய்ப்பூச்சி வெளியில்தான் திரிகிறது. பச்சையாக, துளியூண்டு இருக்கும். இதையும் பயிரைத் தின்னும் பூச்சி என்று நினைப்பவர்கள் உண்டு. குஞ்சுகளையும் வளர்ந்தவற்றையும் ஓநாய் சிலந்தி பிடிக்கும். இரண்டும் மருந்தில் மடிந்துவிட, முட்டை மட்டும் பிழைத்தது. பொரித்து வந்தவற்றைத் தின்ன ஆளில்லை. செயற்கை பைரித்ராய்டு மருந்துகளில் இந்தத் தொல்லை அதிகம். இந்தோனேசியா இதில் அடிபட்டுத்தான் 1986இல் 57 பூச்சிமருந்துகளை நெல்லுக்கு அடிக்கக்கூடாது என்று தடை செய்தது.

இன்னொரு சங்கதி. நட்ட புதிதில் வயலில் தத்துப்பூச்சி அவ்வளவாக இருக்காது. அப்போது சிலந்தி எதைத் தின்று உயிர் வாழ்கிறது? தொழுவுரமும் மடக்கி உழுத தாளும் தண்ணீரில் மட்கும்போது, அதைத் தின்று கொசு மாதிரி சின்னச் சின்னப் பூச்சிகள் பெருகும். கடிக்காது, பயிரையும் தொடாது. சிலந்திக்கு ஆரம்பச் சாப்பாடு அதுதான். 25ஆம் நாள் தெளிப்பு அந்தப் பந்தியையும் கலைத்திருக்கும். இத்தனைக்கும் அந்த வயதில் நாலு இலை சுருண்டாலும் நெல் புது இலை விட்டு ஈடுகட்டிவிடும். அந்தத் தெளிப்பே தேவைப்பட்டிருக்காது என்பது என் கணிப்பு.

சரி, இப்போது செய்ய வேண்டியது. முதலில் தண்ணீரை வடியுங்கள். மூன்று நாலு நாள் காய்ச்சல், அப்புறம் பாய்ச்சல். யூரியாவை நிறுத்தி வையுங்கள். காலையில் வயலில் இறங்கி, பத்துப் பன்னிரண்டு இடத்தில் குத்தை (ஓரிடத்தில் நட்ட பயிர்க்கொத்தை) சாய்த்து அடித்தண்டைத் தட்டி, விழுவதை எண்ணுங்கள். பின்புறம் வெள்ளை முட்டைப்பையைச் சுமந்தபடி தண்ணீர் மேல் ஓடுகிறதா, அது ஓநாய் சிலந்தி. குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால், தூருக்கு (குத்திலுள்ள ஒவ்வொரு தண்டுக்கும்) இரண்டு தத்துப்பூச்சி வரை பொறுக்கலாம். சிலந்தியே இல்லையென்றால் தூருக்கு ஒன்று வந்தாலே மருந்துதான். அப்போதும் பைரித்ராய்டு வேண்டாம். புகையானுக்கென்று பரிந்துரைத்த மருந்தை உங்கள் வட்டார வேளாண் அலுவலரிடம் கேட்டு வாங்கி, மேலே வீசாமல் தூரின் அடியில் படும்படி அடியுங்கள்.

அடுத்த பட்டத்தில் எட்டு அடிக்கு ஓர் அடி இடைவெளி விட்டு நடுங்கள், வரப்பில் உளுந்தோ தட்டைப்பயறோ போடுங்கள். நட்ட முதல் 40 நாள், எண்ணிப் பார்க்காமல் தெளிப்பானைத் தோளில் மாட்டாதீர்கள்.