எந்த முனையிலிருந்து பந்து வீசுகிறார்?

அன்புள்ள ஐயா,

நான் ஒரு நிறுவனத்தின் விற்பனைப் பிரிவில் இருக்கிறேன். தொடர்ந்து மூன்று வருடம் அதிகம் விற்றவன் என்பதால் போன வருடம் மேனேஜராக்கினார்கள். எனக்குக் கீழே ஒன்பது பேர். அவர்கள் வேலை திருப்தியாக இல்லாததால் பாதியை நானே இழுத்துப் போட்டுக்கொண்டு செய்கிறேன். அண்மையில் நடந்த பயிற்சி வகுப்பில் 2007 டி20 உலகக் கோப்பையின் கடைசி ஓவரைப் போட்டுக் காட்டி, தோனி போல ரிஸ்க் எடுங்கள் என்றார்கள். விளையாட்டு அணிகளிடமிருந்து எங்களைப் போன்றவர்கள் உண்மையிலேயே கற்க ஏதாவது இருக்கிறதா? இன்னொன்று. என் அணியில் ஒருவர் ஆறு மாதமாக டார்கெட்டைத் தொடவே இல்லை. வேலையை விட்டுப் போன ஒருவரின் வாடிக்கையாளர்களை அவருக்குக் கொடுத்திருந்தேன். அவரை மாற்றிவிடலாமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நிறையவே இருக்கிறது. ஆனால் அந்தக் கடைசி ஓவரில் தேடாதீர்கள். பாகிஸ்தானுக்கு 13 ரன் தேவை. அனுபவசாலியான ஹர்பஜனுக்கு ஓர் ஓவர் மிச்சமிருக்க, தோனி அதிக அனுபவமில்லாத ஜோகிந்தர் சர்மாவிடம் பந்தைக் கொடுத்தார். பாகிஸ்தானின் மிஸ்பா ஒரு சிக்ஸர் அடித்துவிட்டு அடுத்த பந்தில் ஸ்ரீசாந்திடம் கேட்ச் கொடுத்தார், இந்தியா ஜெயித்தது. அந்தப் பந்து ஸ்ரீசாந்தைத் தாண்டிப் போயிருந்தால், அனுபவசாலியிடம் கொடுத்திருக்க வேண்டும் என்று இதே ஓவரைக் காட்டிப் பாடம் எடுத்திருப்பார்கள். ஜெயித்த பிறகு சொல்லப்படும் காரணங்களை நான் அவ்வளவாக நம்புவதில்லை.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு இயான் போத்தம்தான் நினைவுக்கு வந்தார். இங்கிலாந்து அணியின் மிகச் சிறந்த ஆட்டக்காரர். சிறந்தவர் என்பதாலேயே 1980இல் கேப்டன் ஆனார். 12 டெஸ்டுகளில் ஒரு வெற்றிகூட இல்லை, அவருடைய சொந்த ஆட்டமும் சரிந்தது. 1981இல் லார்ட்ஸில் இரண்டு இன்னிங்ஸிலும் பூஜ்யம். பதவியை விட்டு விலகினார். அவருக்குப் பதிலாக அழைக்கப்பட்ட மைக் பிரியர்லி மொத்தம் ஆடிய 39 டெஸ்டுகளில் ஒரு சதம்கூட அடித்ததில்லை, சராசரி 23க்கும் கீழே. பேட்டிங்கை மட்டும் பார்த்தால் அணியில் இடமே கிடைத்திருக்காது.

அடுத்த டெஸ்ட் ஹெடிங்லியில், ஆஸ்திரேலியாவுக்கு எதிராக. பிரியர்லி போத்தமிடம் கேட்டது ஒரே கேள்வி: இந்த ஆட்டத்தில் ஆட விருப்பமா? ஆடுகிறேன் என்றார். முதல் இன்னிங்ஸில் ஆறு விக்கெட், இங்கிலாந்து ஃபாலோ ஆன் வாங்கி, அதாவது மிகவும் பின்தங்கி உடனே மறுபடி பேட் செய்ய நேர்ந்த பிறகு, ஆட்டமிழக்காமல் 149. கேப்டன் சுமை இறங்கியதும் பழைய போத்தம் திரும்பி வந்துவிட்டார்.

எனக்கு அதைவிடப் பிடித்தது கடைசி நாளில் நடந்தது. ஆஸ்திரேலியாவுக்கு 130 ரன் போதும். ஒரே விக்கெட்டை இழந்து 56 எடுத்துவிட்டார்கள். இங்கிலாந்தின் வேகப்பந்து வீச்சாளர் பாப் வில்லிஸ் அதுவரை மேட்டை நோக்கி, எதிர்க்காற்றில் ஓடி வந்து பந்து வீசிக்கொண்டிருந்தார். இந்த வயதில் இது என்னால் ஆகாது என்று அவரே சொல்ல, பிரியர்லி அவரை எதிர் முனைக்கு மாற்றினார். இப்போது இறக்கமும் காற்றும் வில்லிஸ் பக்கம். ஆஸ்திரேலியா 111க்கு ஆல் அவுட்; வில்லிஸ் 43 ரன்னுக்கு எட்டு விக்கெட்; இங்கிலாந்து 18 ரன்னில் ஜெயித்தது. வில்லிஸ் அதே ஆள்தான், பந்தும் மைதானமும் அவைதான். அவர் சொன்னதை ஒருவர் காது கொடுத்துக் கேட்டு இடத்தை மாற்றிக் கொடுத்தார். தலைமை என்று நான் நினைப்பது இந்த மாதிரிக் காரியங்களைத்தான்.

பாதி வேலையை நீங்களே செய்வதைப் பற்றி. கால்பந்துப் பயிற்சியாளர் அலெக்ஸ் ஃபெர்குசன் அபர்தீன் அணியில் இருந்தபோது தினசரிப் பயிற்சி முழுவதையும் தானே நடத்தினார். என்னை எதற்கு வேலைக்கு எடுத்தீர்கள் என்று உதவியாளர் ஒருவர் நேரடியாகவே கேட்டுவிட்டார். அப்புறம்தான் ஃபெர்குசன் பயிற்சியை உதவியாளர்களிடம் விட்டுவிட்டு ஓரத்தில் நின்று கவனிக்கத் தொடங்கினார். யார் சோர்ந்திருக்கிறார், யாருக்கு வீட்டில் ஏதோ பிரச்சினை என்பது அங்கிருந்துதான் தெரிந்தது. நீங்கள் இன்னும் களத்துக்குள்ளேயே ஓடிக்கொண்டிருக்கிறீர்கள். ஒன்பது பேரின் முகமும் எப்படித் தெரியும்?

ஒரு வித்தியாசத்தையும் சொல்லிவிடுகிறேன். விளையாட்டு அணிகள் பல நாள் பயிற்சி செய்து ஒரு நாள் ஆடுகின்றன. உங்கள் ஆட்களுக்குத் தினமும் ஆட்டம், பயிற்சியே கிடையாது. அந்த ஒன்பது பேரும் தவறு செய்து பார்க்க வாரத்தில் ஒரு மணி நேரமாவது கொடுங்கள். ஒருவர் வாடிக்கையாளராக உட்காரட்டும், இன்னொருவர் பேசிப் பார்க்கட்டும்.

சரி, டார்கெட்டைத் தொடாத அந்த ஒருவர். விட்டுப் போனவர் ஏன் போனார், அந்த வாடிக்கையாளர்கள் எந்த நிலையில் இவர் கைக்கு வந்தார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. விசாரித்தீர்களா? அவரை மாற்றுவதற்கு முன் அந்தப் பட்டியலில் பாதியை வேறு ஒருவருக்குக் கொடுத்து, இவருக்கு நல்ல வாடிக்கையாளர்கள் நாலு பேரைக் கொடுத்துப் பாருங்கள். அதற்கும் முன்னால் அவரைத் தனியாக உட்கார வைத்து, இந்த வேலையில் தொடர விருப்பமா என்று கேளுங்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கும் எழுதுங்கள்.