டிவியில் போட்ட ஊசி பொய்யா?

தங்கச்சி, தலைவர்கள் டிவியில் போட்ட கொரோனா ஊசியில் ரத்தமே வரவில்லை, எல்லாம் நடிப்பு என்று உப்புவெளியில் அம்மா அடம்பிடிப்பதாக எழுதியிருந்தீர்கள். சரி, மருந்தே 0.5 மில்லிலீட்டர்தான், பைசரில் 0.3, தோள் தசையில் 90 பாகையில் நேராகக் குத்தி அழுத்தி எடுக்க ஓரிரு வினாடி போதும், அந்த இடத்தில் பெரிய ரத்தக்குழாய் இல்லாததால் சிரிஞ்சின் தண்டைப் பின்னால் இழுத்து ரத்தம் வருகிறதா என்று பார்க்கவும் தேவையில்லை, ரத்தம் வராததும் சாதாரணம். சில சிரிஞ்சுகளில் குத்தி முடித்ததும் ஊசி தானாகவே சிரிஞ்சுக்குள் போய்விடும், அதைத்தான் மாயம் என்று வாட்சப்பில் சுற்றவிடுகிறார்கள். ஊசி போட்ட பிறகு, ஊசியின் மூடியைக் கழற்றாமலே கமராவுக்காகத் திரும்ப போஸ் கொடுத்தவர்களும் உண்டு, சந்தேகத்தை வளர்த்ததே அந்த வேலைதான். அம்மாவோடு வாதாடாதீர்கள். கிளினிக்குக்குக் கூட்டிப்போய், மருந்தை சிரிஞ்சில் ஏற்றுவதைக் காட்டச் சொல்லி நர்ஸ் மிஸ்ஸிடம் கேளுங்கள்.