கோகோ கோப்பை ஊர் திரும்பியபோது

கேள்வி: மூன்று ஆண்டுகளாக வேலை நிமித்தம் வெளிநாட்டில் இருக்கிறேன். ஒற்றை அறை, யாரோ விட்டுப்போன மேசை, நாலு செட் துணி. சமைப்பது, கழுவுவது, துவைப்பது எல்லாம் நானே. முதலில் அழுகை வந்தது. இப்போது இதுதான் வாழ்க்கை என்று தோன்றுகிறது. அடுத்த ஆண்டு ஊர் திரும்புகிறேன். ஆடம்பரத்தில் ஊறிப்போன என் வீட்டாருக்கு எளிமையின் அருமையை எப்படிப் புரியவைப்பது?

பதில்: உங்கள் கடிதத்தை மகிழ்ச்சியோடுதான் படித்துக்கொண்டு வந்தேன். கடைசி வரி உறுத்துகிறது.

இதே பாடத்தை வெளிநாட்டில் படித்துவிட்டு ஊர் திரும்பிய ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். 1888இல் பாரிஸ்டர் படிப்புக்காக லண்டன் போன காந்தி. போன புதிதில் அவருக்கு எளிமை எல்லாம் தெரியாது. பாண்ட் தெருவில் பத்து பவுண்டுக்கு மாலை நேர உடுப்பு தைத்துக்கொண்டார். நடன வகுப்பில் சேர்ந்தார், வயலின் வாங்கினார். அந்த மயக்கம் மூன்று மாதத்தில் தெளிந்தது. ஆனால் கணக்கு எழுதும் பழக்கம் அவருக்கு எப்போதும் இருந்தது: பஸ் கட்டணம், தபால் தலை, செய்தித்தாள் என்று காசு காசாக எழுதி, இரவு படுக்கப் போகுமுன் கூட்டிப் பார்ப்பார். அண்ணன் அனுப்பும் பணம் எங்கே போகிறது என்பது அந்த நோட்டில் தெரிந்தது. செலவைப் பாதியாக்க முடிவு செய்தார். ஒரு குடும்பத்தோடு தங்கியிருந்ததை விட்டுத் தனியாக இரண்டு அறை எடுத்தார். பிறகு அதுவும் அதிகம் என்று ஒரே அறைக்கு மாறினார். ஓர் அடுப்பு. காலையில் ஓட்ஸ் கஞ்சியும் கோகோவும். அடுப்பு வேலை இருபது நிமிடத்தில் முடிந்துவிடும். இரவுக்கு ரொட்டியும் அதே கோகோவும். வண்டி ஏறாமல் தினமும் எட்டு பத்து மைல் நடை. ஒரு நாள் சாப்பாட்டுச் செலவு ஒன்றேகால் ஷில்லிங். மனசு வறண்டுபோகவில்லை, உள்ளும் புறமும் ஒத்துப்போயின என்று பின்னாளில் எழுதினார்.

நீங்கள் சொல்லும் மகிழ்ச்சியும் இதுதான். அது பொய்யில்லை.

1891இல் ராஜ்கோட் திரும்பினார். தம்பி பாரிஸ்டராகி வருகிறான் என்று அண்ணன் அதற்குள் வீட்டில் பீங்கான் கோப்பை, தேநீர், காபி எல்லாம் கொண்டுவந்திருந்தார். சீர்திருத்த ஆசையோடு வந்தவர் தன் பங்குக்கு என்ன சேர்த்தார் தெரியுமா? ஓட்ஸ் கஞ்சி, கோகோ. கூடவே ஐரோப்பிய உடையும். நாளுக்கொரு புதுப்பொருள் வந்து செலவு ஏறியது. வாசலில் வெள்ளை யானையைக் கட்டிக்கொண்டோம் என்று ‘சத்திய சோதனை’யில் அவரே ஒப்புக்கொள்கிறார்.

லண்டன் அறையில் சிக்கனமாக இருந்த அதே கோகோ ராஜ்கோட்டில் ஆடம்பரமாகிவிட்டது. அங்கே கைக்கு எட்டியது அது. இங்கே எட்டியது வேறு. எனக்கு அவருடைய வாழ்க்கையில் மிகவும் பிடித்த இடங்களில் இது ஒன்று, ஏனென்றால் கற்றது மறந்துபோகிறது என்று காட்டுகிறது. மறுபடி முதலிலிருந்துதான் அவர் தொடங்க வேண்டியிருந்தது. தென்னாப்பிரிக்காவில் சலவைச் செலவு கட்டுப்படியாகாமல் கழுத்துப்பட்டையைத் தானே துவைத்துக் கஞ்சி போட்டார். அது கோர்ட்டில் உதிர்ந்துகொண்டே இருக்க, சக வக்கீல்கள் சிரித்தார்கள்.

இனி உங்கள் விஷயம். அங்கே நீங்கள் எளிமையாக இருந்தபோது உங்களை யார் பார்த்தார்கள்? எந்த விசேஷத்துக்கு எதைப் போட்டுக்கொண்டு போனீர்கள் என்று கேட்க ஆளில்லை. அந்த எளிமை இன்னும் சோதிக்கப்படவில்லை. இன்னொன்று: வீட்டாரின் ஆடம்பரம் என்கிறீர்களே, அதில் நீங்கள் அனுப்பிய பணம் எவ்வளவு? அதை அனுப்பியபோது உங்களுக்கும் பெருமையாக இருக்கவில்லையா?

அடுத்தவர் மேல் எளிமையைத் திணித்தால் என்ன ஆகும் என்பதற்கும் காந்தியிடமே சாட்சி இருக்கிறது. 1898 வாக்கில், டர்பன் வீடு. அறைகளில் இருந்த மூத்திரச் சட்டிகளை வேலையாள் வைக்காமல் வீட்டாரே சுத்தம் செய்ய வேண்டும் என்பது அவர் போட்ட விதி. புதிதாக வந்து தங்கியிருந்த, தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட பஞ்சமர் குடும்பத்தில் பிறந்த ஒரு குமாஸ்தாவின் சட்டியைத் தூக்கிக்கொண்டு கஸ்தூர்பா ஏணிப்படியில் இறங்குகிறார். கண்ணெல்லாம் சிவந்து நீர் வழிகிறது. காந்தியின் கோபம் அவர் தூக்கவில்லை என்பதற்காக அல்ல. சிரித்த முகத்தோடு தூக்கவில்லை என்பதற்காக! வாக்குவாதம் முற்றி, மனைவியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் வாசல் கதவைத் திறந்துவிட்டார். வெட்கமில்லையா, இங்கே எனக்கு யார் இருக்கிறார்கள், நான் எங்கே போவேன் என்று கஸ்தூர்பா கேட்ட பிறகுதான் அவருக்குச் சுரணை வந்தது. அந்தப் பெண்மணியின் கேள்விக்கு முன்னால் எந்தக் கொள்கையும் நிற்காது என்றே நான் நினைக்கிறேன். ஜாதிக் கூச்சம் தவறுதான். அதற்காகக் கையைப் பிடித்து இழுத்தது எந்த விதத்திலும் சரியாகாது.

அதனால் வீட்டில் யாருக்கும் எதையும் புரியவைக்கப் போகாதீர்கள். அங்கே இப்படி இருந்தேன், அப்படி இருந்தேன் என்ற பேச்சே வேண்டாம். போய்ச் சேர்ந்த அன்று சாப்பிட்டு எழுந்ததும் யாராவது உங்கள் தட்டை வாங்க வருவார்கள். கொடுக்காதீர்கள். நீங்களே கழுவி வையுங்கள். மறுநாளும்.