ஆல்ஃபி ரீமேக்: விமர்சகர்கள் சொன்னது சரியா? கேள்வி பதில்

கேள்வி: ஜூட் லா நடித்து 2004-ல் வந்த ‘ஆல்ஃபி’ எனக்கு ரொம்பப் பிடித்த படம் சார். அதை ஏன் விமர்சகர்கள் கைவிட்டார்கள்?

பதில்: எல்லோரும் கைவிடவில்லை. அமெரிக்க விமர்சகர் ரோஜர் ஈபர்ட் நான்குக்கு மூன்று நட்சத்திரம் கொடுத்தார். மற்றவர்களில் பலருக்கு 1966-ல் வந்த மூலப்படம் மனதை விட்டுப் போகவில்லை. லூயிஸ் கில்பர்ட் இயக்கி மைக்கேல் கெய்ன் நடித்த அந்தப் படம் பிரான்சின் கான் திரைப்பட விழாவில் நடுவர் குழுவின் சிறப்புப் பரிசு வாங்கியது. ஆஸ்கருக்கு 5 பரிந்துரைகள் பெற்றது. அதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எந்த ரீமேக்குக்கும் கஷ்டம்தான்.

கேள்வி: பழைய ஆல்ஃபியும் பெண்பித்தன், புதியவனும் பெண்பித்தன். அப்புறம் என்ன வித்தியாசம்?

பதில்: பழைய ஆல்ஃபி பெண்ணைப் பற்றிப் பேசும்போது பல இடங்களில் ‘அவள்’ என்றே சொல்லமாட்டான், ‘அது’ என்பான். உயர்திணை, அஃறிணை பார்த்துப் பேசும் நமக்கு அந்தச் சொல் எவ்வளவு கொடுமை என்று சட்டென்று உறைக்கும். புதியவன் அப்படிப் பேசுவதில்லை, இனிமையாகப் பேசுகிறான்.

அடுத்தது கருக்கலைப்புக் காட்சி. மூலப்படத்தில் ஆல்ஃபி, தன்னோடு காசநோய் விடுதியில் இருந்த நண்பனின் மனைவி லில்லியோடு பழகுகிறான், அவள் கர்ப்பமாகிறாள். பிரிட்டனில் கருக்கலைப்பை அனுமதித்துச் சட்டம் மாறியது 1967-ல்தான். அதற்கு முன்பு வந்த படம் என்பதால் எல்லாம் அவன் வீட்டுக்குள்ளேயே திருட்டுத்தனமாக நடக்கிறது. உள்ளே கிடப்பதை அவன் பார்க்கிறான், அழுகிறான். நமக்கு அவன் முகத்தை மட்டும்தான் காட்டுகிறார்கள். லில்லியாக நடித்த விவியன் மெர்ச்சண்டின் மௌனம் இன்றைக்கும் என்னை உலுக்குகிறது.

ரீமேக்கில் கதை மன்ஹாட்டனுக்குப் போய்விட்டது. அங்கே நண்பனின் காதலியை ஆல்ஃபி மருத்துவமனைக்கு அழைத்துப் போகிறான். ஆனால் அவள் கருவைக் கலைக்கவில்லை, குழந்தை பிறந்துவிட்டது என்று பிறகு தெரியவருகிறது. நண்பன் அந்தக் குழந்தையை ஏற்றுக்கொள்கிறான். நட்புத் துரோகமாகப் பார்த்தால் இதுவும் வலிக்கத்தான் செய்கிறது. ஆனால் அவன் செய்த தப்புக்கான விலையை வேறு யாரோ கட்டிவிடுகிறார்கள். விமர்சகர்களின் முக்கியமான குறை இதுதான், அதில் நியாயம் இருக்கிறது.

கேள்வி: அப்படியென்றால் தப்பு ஜூட் லா மேலா?

பதில்: இல்லவே இல்லை. கேமராவைப் பார்த்து நம்மிடம் பேசிக்கொண்டே எதிரில் இருப்பவரிடமும் நடிப்பது சுலபமில்லை. அதை அவர் அழகாகச் செய்திருக்கிறார். இயக்குநர் சார்ல்ஸ் ஷையர் நாயகனை நமக்குப் பிடிக்கவைக்க வேண்டும் என்று நினைத்தார். படத்தின் பலவீனம் அங்கேதான் தொடங்குகிறது. அதோடு 2004-ன் கடைசி மாதங்களில் ஜூட் லாவின் படங்கள் வரிசையாக வந்தன. ஆஸ்கர் மேடையில் தொகுப்பாளராக இருந்த நகைச்சுவை நடிகர் கிறிஸ் ராக் அதைக் கிண்டலே செய்தார். அதே மேடையில் நடிகர் ஷான் பென் ஜூட் லாவுக்காகப் பேசினார்.

கேள்வி: வசூல்?

பதில்: செலவு சுமார் 6 கோடி டாலர். உலகம் முழுக்க வந்தது சுமார் 3.5 கோடி. அமெரிக்காவில் ‘தி இன்க்ரெடிபிள்ஸ்’ என்ற பெரிய அனிமேஷன் படம் வந்த அதே நாளில் வெளியிட்டார்கள்.

கேள்வி: ரீமேக்கில் மூலப்படத்துக்கு இணையான இடம் ஒன்றுகூட இல்லையா அண்ணா?

பதில்: இருக்கிறது. சூசன் சரண்டன் வரும் இடம். தன்னை விட்டு வேறொருவனிடம் போனது ஏன் என்று ஆல்ஃபி கேட்க, அவன் உன்னைவிட இளையவன் என்கிறார். மூலப்படத்தில் ஷெல்லி வின்டர்ஸ் சொல்லும் அதே பதில். அங்கே அது முகத்தில் விழுந்த அறை மாதிரி இருக்கும். சரண்டன் அதைச் சொல்லும்போது அவருக்கே வருத்தமாக இருப்பது தெரிகிறது.

கேள்வி: இரண்டில் எதை முதலில் பார்க்கலாம்?

பதில்: புதியதை. மைக்கேல் கெய்னைப் பார்த்துவிட்டு வந்தால் ஜூட் லாவுக்கு நீங்கள் நியாயம் செய்யமாட்டீர்கள்.