ஆலையும் அலையாத்தியும் ஒரே படத்தில்

கேள்வி: மும்பை செம்பூரில் வசிக்கிறேன். ஆலையும் சதுப்புநிலமும் கலந்த கற்பனை நிலக்காட்சிகளை மசிப் பேனாவில் வரைகிறேன். எப்படி வரைந்தாலும் இரண்டும் வெட்டி ஒட்டியது மாதிரியே தெரிகின்றன. என்ன செய்யலாம்?
– ஒரு வாசகி

பதில்: ஆலையையும் அலையாத்திக் காட்டையும் ஒரே தண்ணீர் நனைக்கட்டும், ஒரே காற்று அடிக்கட்டும். உங்கள் படத்தில் விட்டுப்போனது அதுவாகத்தான் இருக்கும்.

அடிவானக் கோட்டுக்கு அடுத்து, ஓதம் (கடல்நீர் மட்டம் ஏறி இறங்குவது) ஏறி நிற்கும் மட்டத்தைக் குறியுங்கள். மும்பையில் பெரிய ஓதத்தின்போது கடல் 4 மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும். அந்த ஈரக்கறை படகுத்துறைத் தூணிலும் அலையாத்தி மரத்தின் அடியிலும் ஒரே உயரத்தில் படியும்; தூரம் போகப் போக அடிவானத்தை நெருங்கும். இந்தக் கறுப்புப் பட்டையை இரண்டிலும் ஒழுங்காகப் போட்டாலே பாதிப் பிரச்சினை தீரும். புகை சாயும் பக்கமே கிளைகளும் சாயட்டும்.

வெண்கண்டல் என்ற அலையாத்தி மரத்தின் மூச்சுவேர்கள் சேற்றிலிருந்து நேராக மேலே நிற்கும். வளைந்து ஊன்றும் வேர் சுரபுன்னை என்ற இன்னொரு அலையாத்திக்கு உரியது; இரண்டையும் குழப்பாதீர்கள். ஆலைக்கும் இதே கவனம் தேவை. நீராவிக் குழாய் சூட்டில் நீளும் என்பதால் இடையிடையே 'ப' வடிவில் வளைத்திருப்பார்கள். துரு போல்ட்டுக்குக் கீழேதான் வழியும். அரசங்கன்று தூசியும் ஈரமும் தங்கும் சுவர் மூலையில் முளைக்கும். கண்மட்டத்துக்கு மேலே உள்ள புகைபோக்கி வளையங்கள் மேல்நோக்கி வளையும், கீழே உள்ளவை கீழ்நோக்கி. பலர் தவறுவது இங்கேதான், உடனே புகைபோக்கி சாய்ந்ததுபோல் ஆகிவிடும்.

அளவுக்குப் பூநாரையை வையுங்கள். சிறு பூநாரை சுமார் 90 செ.மீ. உயரம். அதை 3 மி.மீ. வரைந்தால், அதே தூரத்தில் நிற்கும் 60 மீட்டர் புகைபோக்கி 20 செ.மீ. வரும். ஏ3 தாளில் தாராளமாக அடங்கும்.

தூரத்துக்கு 1 பங்கு மசிக்கு 10 பங்கு தண்ணீர், நடுவில் 5 பங்கு, முன்னால் மசி மட்டும். வெளிறியதை முதலில் பூசி, நன்றாகக் காய்ந்தபின் அடுத்தது. நீரில் கரையாத மசிதான் வேண்டும், இல்லாவிட்டால் கோடுகள் கலங்கும். தாள் 300 ஜிஎஸ்எம். மழைக்காலத்தில் அது ஈரத்தை இழுத்துக்கொள்ளும், கோடும் கசியும். சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய பையில் வையுங்கள்.

நேரில் பார்க்க உங்களுக்குச் சிவ்ரி பக்கம்தான். குளிர்காலத்திலிருந்து மே வரை, ஓதம் இறங்கும் நேரம் பார்த்துப் போங்கள். சேற்றில் பூநாரை மேய, பின்னால் மாஹுல் பக்கத்து எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் தெரியும். கட்டடங்களை விட்டுவிட்டு, தண்ணீர் தொட்ட இடங்களை மட்டும் குறித்துக்கொண்டு வாருங்கள்.