மாட்டுச் சாணம் இருக்க, செம்பனைக்கு மூட்டை உரம் எதற்கு?

கேள்வி: பினாங்கில் புக்கிட் மெர்தாஜாம் பக்கம் மாச்சாங் பூபோக்கில் எனக்கு 5 ஏக்கர் செம்பனை (எண்ணெய்ப்பனை) இருக்கிறது. மரங்களுக்கு 14 வயது. நான்கு மாடுகள் பகலில் மரத்தடியில் மேய்ந்துவிட்டு இரவில் கொட்டகைக்கு வந்துவிடும். ஒவ்வொன்றுக்கும் தினம் 2 கிலோ பி.கே.சி. (செம்பனைக் கொட்டைப் பருப்பில் எண்ணெய் எடுத்த பின் மிஞ்சும்) பிண்ணாக்கு வைக்கிறேன். "சாணம்தான் கிடக்கிறதே, பாஜா (உரம்) எதற்கு?" என்று மச்சான் சொன்னதால் மூன்று வருடமாக உரம் வாங்கவில்லை. மட்டைகள் பச்சையாகத்தான் நிற்கின்றன; ஆனால் அடிமட்டைகளில் ஆரஞ்சு நிறப் புள்ளிகள். வருடத்துக்கு 30 டன் வெட்டிய இடத்தில் இப்போது குலைகள் சிறுத்துவிட்டன. புல்லும் குறைகிறது. இன்னும் இரண்டு மாடு வாங்கிவிட்டால் சரியாகுமா?

பதில்: மாடு வாங்க வேண்டாம், ஐயா. அந்தப் பணத்தில் பொட்டாஷ், அதாவது பொட்டாசியச் சத்துள்ள மூட்டை உரம், வாங்குங்கள்.

உங்கள் மாடு மரத்தடிப் புல்லைத் தின்று அதே இடத்தில் சாணம் போடுகிறது. அந்தச் சாணத்தில் இருக்கும் சத்து ஏற்கெனவே உங்கள் மண்ணில் இருந்ததுதான். இடம் மாறுகிறதே தவிர கூடவில்லை. ஆனால் லோரியில் ஏறி ஆலைக்குப் போகும் குலை திரும்பி வருவதில்லை. ஒரு டன் குலையோடு ஏறக்குறைய 2.9 கிலோ தழைச்சத்தும் (நைட்ரஜன்) 3.7 கிலோ பொட்டாசியமும் போய்விடும். 30 டன்னுக்குக் கணக்குப் போட்டால் தழைச்சத்து 88 கிலோ, பொட்டாசியம் 111 கிலோ. இந்தப் பொட்டாசியத்தை ஈடுகட்ட மட்டும் 50 கிலோ பொட்டாஷ் மூட்டை நான்கரை வேண்டும்.

அப்படியானால் மட்டை ஏன் இன்னும் பச்சையாக இருக்கிறது? மட்டையைப் பச்சையாக வைப்பது தழைச்சத்து; அதைக் கொடுப்பது பி.கே.சி.தான். அது வெளியிலிருந்து உங்கள் நிலத்துக்கு வரும் சரக்கு. நான்கு மாடுகளுக்கு வருடத்தில் 2.9 டன் ஆகிறது. அதில் 70 கிலோவுக்கு மேல் தழைச்சத்து உண்டு. பெரும்பகுதி சாணத்திலும் மூத்திரத்திலும் வெளியே வந்துவிடும். ஆக, மச்சான் சொன்னது தழைச்சத்தைப் பொறுத்தவரை பாதி சரி. பொட்டாசியம் அந்தப் பிண்ணாக்கில் சொற்பம், 20 கிலோவை ஒட்டித்தான் வரும். அதையும் நீங்கள் முழுதாகப் பிடித்து வைப்பதில்லை. மாடு கழிக்கும் பொட்டாசியத்தில் பெரும்பங்கு மூத்திரத்தில் போகிறது. காலையில் கொட்டகையைக் கழுவி லோங்காங்கில் (சாக்கடையில்) விடுகிறீர்கள் அல்லவா? தோட்டத்துச் சத்து பகலில் மாட்டு வயிற்றிலேறி, இரவில் கொட்டகைக்கு வந்து, காலையில் ஆற்றுக்குப் போகிறது. தரையைச் சற்றுச் சாய்வாக்கி ஒரு குழியில் பிடித்து, தண்ணீர் கலந்து மரங்களுக்கு ஊற்றுங்கள்.

வேடிக்கை என்னவென்றால், நாம் விற்கும் எண்ணெயில் இந்தச் சத்து எதுவுமே கிடையாது எனலாம். எண்ணெய் வெறும் கரி (கார்பன்), ஹைட்ரஜன், ஆக்சிஜன். வெயிலும் காற்றும் தண்ணீரும் சேர்ந்து செய்தது. பொட்டாசியத்தில் பெரும்பகுதி ஆலை வாசலில் குவியும் வெறுங்குலையில் (பழம் உதிர்த்த பின் மிஞ்சும் குலையில்) கிடக்கிறது. ஒரு டன் வெறுங்குலை 15 முதல் 20 கிலோ பொட்டாஷுக்குச் சமம். குலை ஏற்றிப் போகும் லோரி திரும்பும்போது கொஞ்சம் ஏற்றி வர முடியுமா என்று கேட்டுப் பாருங்கள்.

இப்போது புல் விஷயம். அது சத்துக் குறைவால் வந்தது இல்லை. 14 வயது மரத்தின் மட்டைகள் ஒன்றோடொன்று கோத்து வெயிலை மேலேயே பிடித்துக்கொள்கின்றன. மிச்சம் விழுவதில்தான் புல் வளர வேண்டும். அந்தப் புல்லில் உள்ள சக்தியிலும் மாட்டின் உடம்பில் தங்குவது பத்தில் ஒரு பங்கு, பெரும்பாலும் அதற்கும் கீழே. மீதி மூச்சாகவும் சூடாகவும் போய்விடும். பொட்டாசியத்தைத் திரும்பக் கொண்டுவரலாம், செலவான வெயிலைக் கொண்டுவர முடியாது. ஆறு மாடு விட்டால் ஆறும் இளைக்கும், அல்லது ஆறுக்கும் பி.கே.சி. வாங்க வேண்டிவரும். (ஆடு வளர்க்கும் யோசனை இருந்தால் ஒன்று: செம்மறிக்கு இந்தப் பிண்ணாக்கை அதிகம் கொடுக்காதீர்கள். இதிலுள்ள செம்பு அதற்கு விஷமாகும்.)

புள்ளிகளைப் பற்றி ஒரு எச்சரிக்கை. ஒரு மரத்தில் மட்டும் இருந்து சுற்றியுள்ளவை சுத்தமாக இருந்தால் அது அந்த மரத்தின் பிறவிக் குணமாக இருக்கலாம். பரவலாக இருந்தால் பொட்டாசியப் பஞ்சம்தான். கடலோரக் களிமண்ணில் கொஞ்சமாவது கையிருப்பு உண்டு. உங்கள் பக்கத்து மேட்டு மண்ணில் அதை எதிர்பார்க்க முடியாது. உச்சியில் புதிதாக முழுதும் விரிந்த மட்டையை ஒன்று என்று எண்ணி, 17வது மட்டையிலிருந்து இலை எடுத்துப் பரிசோதித்துவிடுங்கள். செம்பனை வாரிய அலுவலரைக் கேட்டால் வழி சொல்வார்.

அதுவரை மரத்துக்கு வருடம் 2 முதல் 3 கிலோ பொட்டாஷ் என்று வைத்து, இரண்டு தவணையாகப் போடுங்கள். செப்டம்பர், அக்டோபர் அடைமழையில் போட்டால் மழையோடு போய்விடும். வெட்டிய மட்டையை அடுக்கியிருக்கும் வரிசை மீது தூவுவது நல்லது, அங்கேதான் வேர் அதிகம். மட்டையைக் கொளுத்தாதீர்கள். வெறுங்குலை கிடைத்தால் ஒரே அடுக்காகப் பரப்புங்கள். குவித்து வைத்தால் காண்டாமிருக வண்டு உள்ளே முட்டையிடும். சாணக் குவியலுக்கும் இதே கதைதான்.