காப்புரிமை வழக்கில் சமரசம் வந்தால் பங்குதாரருக்கு எவ்வளவு கிடைக்கும்?

கேள்வி: பெரிய தொழில்நுட்ப நிறுவனங்கள் மீது காப்புரிமை மீறல் வழக்கு நடத்தும் ஒரு சிறிய அமெரிக்க நிறுவனத்தின் பங்குகளை வைத்திருக்கிறேன். சமரசம் நெருங்கிவிட்டது, வரும் தொகையைப் பங்குகளின் எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு பங்குக்குப் பல டாலர் டிவிடெண்ட் (பங்காதாயம்) கிடைக்கும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். இதை நம்பி மேலும் வாங்கலாமா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: வாங்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. நண்பர்களின் வகுத்தல் கணக்கு சரியாகவே இருக்கலாம். ஆனால் அந்தத் தொகை வந்து சேருமா, எப்போது சேரும், சேர்ந்தபின் யார் யாருக்குப் போகும் என்ற மூன்று கேள்விகளுக்கும் அதில் இடமில்லை.

நெவாடா மாநிலத்தைச் சேர்ந்த விர்நெட்எக்ஸ் நிறுவனத்தின் கதையைப் பாருங்கள். பாதுகாப்பான இணையத் தொடர்பு குறித்த தன் காப்புரிமைகளை ஃபேஸ்டைம் வீடியோ அழைப்பு போன்ற வசதிகளில் மீறியதாக ஆப்பிள் மீது அது 2010-ல் வழக்குத் தொடுத்தது. 2012 நவம்பரில் டெக்சாஸ் மாநிலம் டைலர் நகரில் ஜூரி (பொதுமக்களைக் கொண்ட நடுவர் குழு) 36.8 கோடி டாலர் இழப்பீடு வழங்கச் சொன்னது. 2014-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தொகையை ரத்து செய்தது. 2016 பிப்ரவரியில் மற்றொரு ஜூரி 62.6 கோடி என்றது; சில மாதங்களிலேயே நீதிபதி அதையும் ஒதுக்கிவிட்டு மறுவிசாரணைக்கு உத்தரவிட்டார். செப்டம்பரில் கிடைத்த 30.2 கோடி டாலர் தீர்ப்பு, கூடுதல் தண்டத் தொகையும் வட்டியும் சேர்ந்து வளர்ந்து, 2020 மார்ச்சில்தான் 45.4 கோடியாகக் கைக்கு வந்தது. வழக்குத் தொடுத்துப் பத்தாண்டுகள் ஆகியிருந்தன.

அப்போது அந்த நிறுவனத்துக்கு இருந்தவை சுமார் 7 கோடிப் பங்குகள். உங்கள் நண்பர்களின் முறைப்படி வகுத்தால் ஒரு பங்குக்கு 6 டாலருக்கு மேல் வர வேண்டும். அந்த ஆண்டு அறிவிக்கப்பட்ட சிறப்பு டிவிடெண்டோ 1 டாலர்தான். வழக்கறிஞர் கட்டணமும் வரியும் ஒருபுறம். காப்புரிமைகளை முதலில் வைத்திருந்த நிறுவனத்துக்கு ஒப்பந்தப்படி தர வேண்டிய தொகை மற்றொருபுறம். எஞ்சியதைப் பிரித்துக் கொடுப்பதா, அடுத்த வழக்குக்கு வைத்துக்கொள்வதா என்பதை இயக்குநர் குழுதான் முடிவு செய்கிறது. டிவிடெண்டைக் கட்டாயமாகக் கேட்டுப் பெறும் உரிமை பங்குதாரருக்கு இல்லை.

அதே நிறுவனம் 2020 அக்டோபரில் ஆப்பிளுக்கு எதிரான மற்றொரு வழக்கில் 50.3 கோடி டாலர் தீர்ப்புப் பெற்றது. அதில் ஒரு டாலர்கூட வரவில்லை. அந்தக் காப்புரிமைக் கோரிக்கைகள் (எது தன் கண்டுபிடிப்பு என்று காப்புரிமை உரிமை கோரும் பகுதிகள்) செல்லாதவை என்று அமெரிக்கக் காப்புரிமை அலுவலகத்தின் விசாரணை வாரியம் முடிவெடுத்ததை மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றுக்கொண்டதால், 2023-ல் தீர்ப்பே ரத்தாகியது. 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் விசாரிக்க மறுத்துவிட்டது. ஜூரியின் தொகையை மட்டும் பார்த்துப் பங்கு வாங்கியவர்கள், வாரியத்தில் இணையாக நடந்துகொண்டிருந்த இந்த விசாரணையைக் கவனிக்கத் தவறியிருப்பார்கள். சிப் தயாரிப்பாளரான குவால்காமுக்கு எதிரான காப்புரிமை வழக்கில் 2013-ல் 17 கோடி டாலருக்கு மேல் வென்ற பார்க்கர்விஷன் என்ற சிறிய அமெரிக்க நிறுவனத்துக்கும் தீர்ப்பு நிலைக்கவில்லை. 2014 ஜூனில் நீதிபதி அதை நீக்கியதும் பங்கு விலை பாதிக்கும் கீழே சரிந்தது.

சமரசம் என்றால் மேல்முறையீட்டுத் தொல்லை இல்லை என்பது உண்மை. ஆனால் தொகையை ரகசியமாக வைப்பதே வழக்கம் என்பதால், முன்கூட்டிச் சொல்லப்படும் எந்த எண்ணும் ஊகமே. 2019 ஏப்ரலில் ஆப்பிளும் குவால்காமும் சமரசமானபோதும் தொகையைச் சொல்லவில்லை. இரண்டு வாரம் கழித்துத் தன் காலாண்டு வருவாய்க் கணிப்பில் 450 முதல் 470 கோடி டாலர் வரை இதனால் வரும் என்று குவால்காம் குறிப்பிட்ட பிறகே வெளியே தெரிந்தது.

இன்னொன்றும் உண்டு. டிவிடெண்ட் கிடைத்தாலும், அதற்கான தகுதி நாள் கடந்ததும் பங்கு விலை ஏறக்குறைய அதே அளவு இறங்கும். இந்தியாவில் வசிப்பவர் என்பதால் உங்கள் டிவிடெண்டில் அமெரிக்காவிலேயே 25 சதவீதம் வரி பிடிப்பார்கள். இங்கே வருமான வரி கணக்கிடும்போது அதற்குக் கழிவு கோரலாம்.

கையில் இருப்பதை விற்பதா என்று முடிவு செய்யும் முன், அந்த நிறுவனம் அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையத்திடம் தாக்கல் செய்த கடைசி ஆண்டறிக்கையில் வழக்குகள் பற்றிய பகுதியைப் படியுங்கள். வரும் தொகையில் வழக்கறிஞருக்கும் காப்புரிமைகளின் பழைய உரிமையாளருக்கும் எவ்வளவு போகும், எந்தக் காப்புரிமைகள் வாரியத்தில் சவாலுக்கு உள்ளாகியிருக்கின்றன, வழக்குச் செலவுக்காகப் புதிய பங்குகளை வெளியிட்டுக்கொண்டே இருக்கிறார்களா என்பவை அதில் இருக்கும். வாரியத்தில் முக்கியக் கோரிக்கைகள் ஏற்கெனவே தோற்றிருந்தால், சமரசப் பேச்சால் விலை ஏறியிருக்கும்போதே வெளியேறிவிடுங்கள்.